ஐந்து பேராய்க் கேட்ட பாட்டு

ஓசூரில் நான் குடியிருக்கும் வீட்டில் பாட்டுக்குக் குறைவே இல்லை. கைபேசியில் தட்டினால் 1976-இல் வந்த ‘அன்னக்கிளி’ தொடங்கி இந்த வருஷத்துப் படம் வரை இளையராஜா வந்துவிடுகிறார். மகன் நல்ல ஹெட்போன் வாங்கித் தந்திருக்கிறான். தபலாவின் இடப்பக்கமும் வலப்பக்கமும் தனித்தனியாகக் காதில் விழுகின்றன. இருந்தாலும் எனக்கு இப்போது பாட்டு முழுசாகக் கேட்பதில்லை. திருவண்ணாமலையில் போளூர் ரோட்டோரம் ஒரு லேத் பட்டறையின் பின்பக்கத் திண்ணையில், வலை கிழிந்த ஸ்பீக்கர் ஒன்றில் கேட்டபோது முழுசாகக் கேட்டது.

நாங்கள் ஐந்து பேர். பட்டறைக்காரர்தான் மூத்தவர், எல்லோருக்கும் அண்ணன். அடுத்தவர் தவில்காரர் வீட்டுப் பிள்ளை. அப்பாவோடு முகூர்த்தங்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் போய் வந்தவர். மூன்றாமவர் ஆடி மாதத்தில் அம்மன் கோயில்களில் நடக்கும் பாட்டுக் கச்சேரிகளில் கிடார் வாசித்தவர். பிறகு கல்யாணம், குழந்தை என்றானதும் ஆட்டோ எடுத்துவிட்டார். நான்காமவர் அரசுப் பள்ளித் தமிழாசிரியர், எங்கள் வாத்தியார். நான் தேரடி வீதிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். இரவு கடை அடைத்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே பட்டறைக்குத்தான். அண்ணன் கையில் கிரீஸைத் துடைத்தபடி டேப் ரெக்கார்டர் பொத்தானை அழுத்துவார். எதிரில் இருட்டில் மலை நிற்கும்.

கேசட்டில் பாட்டுப் பதிந்து தரும் கடைக்கு நோட்டுத்தாளில் பட்டியல் எழுதிக் கொடுத்த காலம் அது. 90 நிமிட டிடிகே கேசட் என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து இருபது பாட்டு பிடிக்கும். அந்த இருபதை முடிவு பண்ணுவதற்குள் பெரிய சண்டை நடக்கும். ‘ஜானி’யில் எதை விடுவது? ‘மூன்றாம் பிறை’யில் எதை எடுப்பது? வாத்தியார் கேட்பதைத் தவில்காரர் வெட்டுவார். தவில்காரர் கேட்பதைக் கிடார்காரர் வெட்டுவார். ஆளுக்கு ஒரு பாட்டு பிடித்ததால் வந்த சண்டை இல்லை இது. ஒரே பாட்டில் ஆளுக்கு ஒன்று கேட்டதுதான் காரணம்.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். 1980-இல் வந்த ‘நிழல்கள்’ படத்தில் எஸ்.பி.பி. பாடும் அந்த மாலை நேரப் பாட்டை எடுத்துக்கொள்வோம். அண்ணனுக்கு அதில் வயலின் மட்டும்தான். பல்லவி முடிந்து இடையிசை வருவதற்கு முன்னாலேயே அவர் வலது கை மெல்ல எழும்பும். “வருது பாரு… இப்போ” என்பார், சொன்ன இடத்தில் வந்து விழும். நாளெல்லாம் இரும்பைக் கடைகிற சத்தத்தில் நின்ற மனிதருக்கு அவ்வளவு மெல்லிய கம்பிச் சத்தம் எப்படிப் பிடித்தது என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. கிடார்காரருக்கு பேஸ். “பாட்டு மேல போவுது, பேஸ் அதும்பாட்டுக்குக் கீழ வேற ஒரு பாட்டு பாடுதுபா, கேளு” என்பார். ராஜாவின் பாட்டுகளில் பேஸ் கிடார் வாசித்த சசிதரன் பெயரை நாங்கள் தெரிந்துகொண்டது அவரால்தான். எந்தப் பத்திரிகையும் எங்களுக்கு அதைச் சொல்லவில்லை. தவில்காரர் தொடையில் இரண்டு விரலால் தாளம் போட்டபடியே இருப்பார். சதுஸ்ரத்தில் ஓடும் பாட்டுக்குள் திடீரென்று திஸ்ரம் வந்து உட்கார்ந்தால் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். வாத்தியாருக்குச் சொற்கள். வைரமுத்து சினிமாவுக்கு எழுதிய முதல் பாட்டு அது என்பதை அவர் ஒவ்வொரு தடவையும் சொல்வார், நாங்களும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டுக்கொள்வோம்.

எனக்குக் குரல். குறிப்பாக எஸ்.பி.பி.யின் குரல், எங்களுக்கு அவர் பாலு. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே அவர் மூச்சு எடுக்கும் விதம், எழுத்தில் இல்லாத ஒரு சின்னச் சிரிப்பை வைத்துவிட்டுப் போகிற விதம், இதெல்லாம் எனக்குக் கண்ணால் பார்ப்பதுபோல் தெரியும். அதை நான் சொல்ல, மற்றவர்கள் கேட்டுக்கொள்வார்கள். அவர்கள் சொன்னதை நான் கேட்டுக்கொண்டேன். இப்படி ஐந்து பேர் காதையும் சேர்த்துக் கேட்டதைத்தான் பாட்டு என்று நான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

திருவண்ணாமலைக்கும் ராஜாவுக்கும் உள்ள உறவு சினிமாவைத் தாண்டியது. ரமணருக்கு அவர் அடியார். ரமணாசிரமத்துக்கு அவர் வந்து போவது ஊருக்குப் புதிதில்லை. ரமணர் மீது அவரே எழுதி இசையமைத்த ‘ரமண மாலை’ ஆசிரமத்துப் பக்கத்துக் கடைகளில் காலையிலேயே ஒலிக்கும். அதில் இருந்த, பிச்சைப் பாத்திரம் பற்றிய பாட்டு 2009-இல் ‘நான் கடவுள்’ படத்துக்குப் போய், ஊர் ஊராகப் பாடப்பட்டபோது, எங்கள் தெருவில் வளர்ந்த பையன் வெளியூரில் பெயர் எடுத்த மாதிரி எங்களுக்கு ஒரு பெருமை.

பௌர்ணமிக் கூட்டத்தில் நாங்கள் கிரிவலம் போவதில்லை. கூட்டமில்லாத சாதாரண நாளில், பட்டறை மூடிய பிறகு கிளம்புவோம். 14 கிலோமீட்டர். ஆசிரமத்தைத் தாண்டி, எமலிங்கம், நிருதிலிங்கம் என்று போகப் போக வண்டிச் சத்தம் குறையும், பேச்சு கூடும். அடி அண்ணாமலை பக்கம் மாணிக்கவாசகருக்கு ஒரு கோயில் இருக்கிறது. அவர் திருவெம்பாவை பாடியது இங்கேதான் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. 2005-இல் ராஜா ‘திருவாசகம்’ இசைத்தட்டு கொண்டுவந்தார். புடாபெஸ்ட் இசைக்குழு வாசித்தது. அந்த வருஷம் வாத்தியார் அந்தக் கோயில் வாசலில் எங்களை உட்கார வைத்து, சின்ன சிடி பிளேயரில் அதைப் போட்டார். அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. வயலின்கள் அத்தனையும் ஒன்றாக எழுந்த இடத்தில் அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பல மைலுக்கு அப்பால் தமிழே தெரியாத கைகள் வாசித்ததை, மாணிக்கவாசகர் பாடியதாகச் சொல்லும் மண்ணில் உட்கார்ந்து கேட்டோம். இதைவிடப் பெரிய அரங்கம் எங்களுக்கு வாய்த்திருக்க முடியாது.

ஆனாலும் அவரை மேடையில் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. 2005 அக்டோபரில் சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில் அவர் கச்சேரி நடந்தபோது டிக்கெட்டுக்குக் காசு புரளவில்லை. 2011 டிசம்பர் கச்சேரியின்போது என் வீட்டில் ஒரு சாவு. ஒவ்வொரு தடவையும் யாருக்காவது ஏதாவது வந்துவிடும். போனால் ஐந்து பேரும் போவது, இல்லாவிட்டால் வேண்டாம் என்பது எங்களுக்குள் பேசாத ஒப்பந்தம்.

நடுவே இரண்டு பிரிவுகள் வந்தன. ஊருக்குத் தெரிந்தது ராஜாவுக்கும் பாலுவுக்கும் இடையில் வந்தது. 2017 மார்ச்சில் பாலு அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்தபோது, அனுமதியில்லாமல் தன் பாட்டுகளைப் பாடக் கூடாது என்று ராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. பதிப்புரிமையில் ராஜா கேட்டதில் நியாயம் உண்டு என்றே நான் இன்றும் நினைக்கிறேன். பாட்டை உண்டாக்கியவனுக்கு அதில் உரிமை இல்லையென்றால் வேறு யாருக்கு? ஆனால் அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் திண்ணையில் யாரும் டேப்பைத் தொடவில்லை. சினிமா வாய்ப்பு வருவதற்கு முன்னால் பாலுவின் மெல்லிசைக் குழுவில் ஹார்மோனியமும் கிடாரும் வாசித்தவர் ராஜா. வாடா, போடா என்று கூப்பிட்டுக்கொள்கிற இரண்டு பேர் நடுவே வக்கீல் வந்ததைத் தாங்க முடியவில்லை.

இன்னொரு பிரிவு எங்களுக்குள்ளேயே. ஒரு சீட்டுப் பண விவகாரத்தில் தவில்காரரும் கிடார்காரரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். ஒரே திண்ணைக்கு வருவார்கள், ஆளுக்கொரு ஓரத்தில் உட்காருவார்கள். பாட்டு ஓடும், இரண்டு ஓரத்திலிருந்தும் பேச்சு எங்களைப் பார்த்துத்தான் வரும்.

2019 மே மாதக் கடைசியில் ஒத்திகையில் ராஜாவும் பாலுவும் சேர்ந்திருக்கும் படம் வெளியானது. ஜூன் 2, ஞாயிற்றுக்கிழமை, ராஜாவின் பிறந்தநாளன்று கச்சேரி. பாலு வருகிறார், யேசுதாசும் வருகிறார். ராஜா பிறந்தது ஜூன் 3. கலைஞரின் பிறந்தநாளும் அதுவே என்பதால் தன்னுடையதை ஒரு நாள் முன்னால் நகர்த்திக்கொண்டவர் அவர். அன்று அவருக்கு 76. இரண்டு நாள் கழித்து பாலுவுக்கு 73. யேசுதாஸ் 79 வயதில் இருந்தார். அண்ணன் படத்தை எங்களிடம் காட்டிவிட்டு, “இதுக்கு மேல தள்ளிப் போடக் கூடாதுடா” என்றார். கிடார்காரரே வாடகைக்கு டவேரா பிடித்து, தானே ஓட்டுவதாகச் சொன்னார்.

போளூர், ஆரணி, செய்யாறு, காஞ்சிபுரம். கத்திரி முடிந்தும் வெயில் குறையவில்லை. தவில்காரர் கடைசி சீட்டில், கிடார்காரர் ஸ்டீயரிங்கில். கச்சேரி நடந்த இ.வி.பி. பிலிம் சிட்டி, பூந்தமல்லிக்கு முன்னால் பெங்களூரு நெடுஞ்சாலையோரம், செம்பரம்பாக்கத்தில் இருக்கிறது. அந்த வருஷம் சென்னை தண்ணீருக்குத் தவித்தது ஞாபகம் இருக்கும்; செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு, பின்னால் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுபோனார்கள். நாங்கள் போனபோதே ஏரி ஏறக்குறைய காய்ந்து கிடந்தது. குடத்தோடு நின்ற பெண்களைத் தாண்டித்தான் பாட்டுக் கேட்கப் போனோம். அது ஒரு மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

எங்களுக்குக் கிடைத்தது கடைசிப் பக்கத்து இருக்கைகள். மேடையில் வெள்ளையாகத் தெரிந்தது ராஜா என்று திரையைப் பார்த்துத்தான் உறுதி செய்துகொண்டோம். பாடிய பாட்டுகளை வரிசையாகச் சொல்வது என் நோக்கமில்லை. எனக்கு மறக்காதது, ஒரு பாட்டுக்கு முன்னால் வயலின்காரர்கள் எல்லோரும் வில்லைத் தூக்கிக் காத்திருந்த அந்த நொடி. நாங்கள் கேசட்டில் கேட்டுக்கொண்டிருந்ததெல்லாம் சத்தம் தொடங்கிய பிறகு உள்ளதுதான். சத்தத்துக்கு முன்னால் இத்தனை கைகள் அந்தரத்தில் நிற்கும் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தோம். ராஜா எந்த வாத்தியத்தையும் தொடாமல் தாளில் நேராக முழு இசைக்குழுவுக்கும் எழுதிவிடுவார் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்தத் தாள்கள் ஒவ்வொரு வயலின்காரர் முன்னாலும் விரிந்திருந்தன. பக்கத்தில் அண்ணன் கை எழும்பியது. “வருது பாரு…” என்றார். முப்பது வருஷம் திண்ணையில் இருட்டைப் பார்த்துச் சொன்னவர், அன்று வாசிக்கிறவர்களைப் பார்த்துச் சொன்னார்.

பாலு பாடினார். 73 வயதுத் தொண்டை. இளமையில் இருந்த அதே வழுக்கலை எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது, வைத்த இடம்தான் மாறியிருந்தது. கேசட்டில் ஒரு சொல்லின் கடைசியில் வைத்ததை இங்கே சொல்லுக்கு முன்னால் வைத்தார். எனக்குத் தொண்டை அடைத்தது. பக்கத்தில் வாத்தியார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் எதைக் கேட்டேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

அப்போதுதான் ஓரத்திலிருந்து கிடார்காரர் தன்னையறியாமல் சத்தமாக, “பேஸ் கேளுபா, பேஸ் கேளு” என்றார். யாரிடம் சொல்கிறோம் என்று பார்த்துச் சொல்லவில்லை. மறு ஓரத்திலிருந்து தவில்காரர், “அது மேல தபலா எப்டி உக்காருது பாத்தியா” என்றார். நேராக அவரிடமே. சீட்டுப் பணத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது. அந்த மாலை முழுவதும் பாட்டைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள். திரும்பி வரும்போது வண்டியில் மறுபடி மௌனம். ஊருக்கு வந்த பிறகும் பண விஷயம் தீரவில்லை, இன்றுவரை தீரவில்லை. ஆனால் அன்று மேடையில் நின்ற இருவருக்காக நான் பட்ட சந்தோஷத்தைவிட, கீழே உட்கார்ந்திருந்த இந்த இருவருக்காகப் பட்ட சந்தோஷம் கூடுதல்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2020 ஆகஸ்டில் பாலு கொரோனாவோடு மருத்துவமனையில் சேர்ந்தார். நண்பனை எழுந்து வரச் சொல்லி ராஜா பேசிய வீடியோ வந்தது. ஆகஸ்ட் 20 மாலை 6 மணிக்குத் திரையுலகத்தினர் கூட்டுப் பிரார்த்தனைக்கு அழைத்தபோது, நான் ஓசூரில் இருந்தேன். ஊரடங்கில் நான் வேலை பார்த்த ஜவுளிக்கடை ஆள் குறைத்தது. மகன் இங்கே தொழிற்சாலை வேலையில் இருந்ததால் குடும்பத்தோடு இங்கே வந்துவிட்டோம். சாமான்களை ஏற்றிக்கொண்டு செங்கம் ரோட்டில் வண்டி திரும்பியபோது, முகக்கவசத்தோடு நான்கு பேரும் சாலையோரம் நின்றிருந்தார்கள். கட்டிக்கொள்ளக்கூட முடியாத காலம் அது. அந்த 6 மணிக்கு ஆளுக்கொரு இடத்தில் அவரவர் கைபேசியில் பாலுவைப் பாட விட்டோம். திண்ணைக்கு அண்ணன் மட்டும் போயிருந்தார்.

செப்டம்பர் 25-ஆம் தேதி பாலு போய்விட்டார். அந்தக் கையோடு ராஜா திருவண்ணாமலைக்குப் போய், அண்ணாமலையார் கோயிலில் நண்பனுக்காக மோட்ச தீபம் ஏற்றினார். செய்தியைப் பார்த்தபோது எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. என் ஊர், என் கோயில், நான் பிறந்ததிலிருந்து நடந்த பிராகாரம். நான் வாழ்நாளெல்லாம் கேட்ட இரண்டு பேரில் ஒருவர் இன்னொருவருக்காக அங்கே விளக்கேற்றுகிறார். நான் மூன்று, மூன்றரை மணி நேரப் பயணத் தூரத்தில், யாருக்கும் என்னைத் தெரியாத ஒரு தெருவில் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பௌர்ணமி கிரிவலத்துக்கே தடை இருந்த சமயம். ஊரில் இருந்திருந்தாலும் அந்த நேரத்தில் உள்ளே போயிருக்க முடியாது என்று தவில்காரர் போனில் ஆறுதல் சொன்னார். உள்ளே போக முடியாவிட்டால் என்ன? ராஜகோபுரத்துக்கு எதிரே தெருவில் நின்றிருப்பேன், ஐந்து பேராக நின்றிருப்போம்.

இப்போது வாத்தியார் ஓய்வு பெற்று சென்னையில் மகள் வீட்டில் இருக்கிறார். கிடார்காரர் ஆட்டோவை விற்றுவிட்டுத் திருப்பூர் போய்விட்டார். நான் எப்போதாவது கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை வழியாக பஸ் பிடித்து ஊருக்குப் போகிறேன். செங்கம் தாண்டியதும் மலை தெரிகிற இடத்தில் இப்போதும் எழுந்து நின்றுவிடுகிறேன். ஆனால் திண்ணை இல்லை. அண்ணன் பட்டறையைக் கொடுத்துவிட்டார். அவருக்குக் காது மங்கிவிட்டது. வருஷக்கணக்கில் இரும்புச் சத்தத்தில் நின்றவர்களுக்கு உச்ச ஸ்தாயிச் சத்தங்கள்தான் முதலில் கேட்காமல் போகுமாம், கனமான சத்தங்கள் கொஞ்ச நாள் நிற்குமாம். டாக்டர் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். ஆக, அவருக்குக் கிடார்காரரின் பேஸ் கேட்கிறது. தவில்காரரின் தாளம் கேட்கிறது. வயலின் கேட்பதில்லை.

2025 மார்ச் 8-ஆம் தேதி லண்டன் ஈவென்டிம் அப்போலோ அரங்கில் ராஜா தன் சிம்பொனியை அரங்கேற்றியபோது, அண்ணனே போன் செய்தார். 81 வயதில் போய் நின்றிருக்கிறாரே என்று சொல்லிச் சொல்லிப் பூரித்தார். “எத்தனை வயலின்டா இருக்கும்?” என்று கேட்டார். பிறகு கொஞ்ச நேரம் பேச்சில்லை. “அடுத்த தடவை வரும்போது ‘தளபதி’ போடலாம். வயலின் எங்க வருது, எங்க ஏறுது, எங்க எறங்குதுன்னு நீ பக்கத்துல இருந்து சொல்லு. நான் நெனச்சுக்கிறேன்” என்றார்.

சரி என்றேன். போனை வைத்துவிட்டு ‘தளபதி’யைப் போட்டேன். பம்பாயில் பெரிய இசைக்குழுவை வைத்துப் பதிந்த பாட்டு. வயலின்கள் கடலாக வருகின்றன என்று அண்ணன் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். என் காது நேரே பாலுவிடம் போய் நின்றது. எவ்வளவு முயன்றும் வயலினின் முதல் வரிசையையும் இரண்டாம் வரிசையையும் என்னால் பிரிக்க முடியவில்லை. எழும்பும் இடத்தை முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை, எழும்பிய பிறகுதான் தெரிந்தது.

அதனால் இப்போது காலையில் வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, குரலை விட்டுவிட்டு வயலினை மட்டும் கேட்டுப் பழகுகிறேன். பல்லவிக்குப் பின்னால் வரும் முதல் இடையிசை வரை கிட்டத்தட்ட பிடித்துவிட்டேன். இரண்டாவது இடையிசையில் இன்னும் தடுமாறுகிறது. கார்த்திகை தீபத்துக்கு லீவு கேட்டிருக்கிறேன், அதற்குள் படித்துவிட வேண்டும்.